நான் வெட்டிய இலுப்பை மரம்

அத்தை எழுதிக்கொண்டு வந்த மனு நாலு பக்கம் இருந்தது. கோடு போட்ட நோட்டில் நடுத்தாளாகப் பார்த்துப் பிரித்தெடுத்து, ஓரம்கூட விடாமல் நீல மையில் நிரப்பியிருந்தார். ‘மகா கனம் பொருந்திய தாசில்தார் அய்யா அவர்களின் சமூகத்துக்கு’ என்று ஆரம்பம். அப்புறம் அவர் வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்கு வந்த கதை, மாமனார் ஒன்றரை வேலி நிலம் வைத்திருந்து அதில் பாதி எப்படிக் கரைந்தது, போர் போட்ட வருஷம், கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்த பேச்சு, வயலின் நடுவரப்பில் நின்ற இலுப்பை மரம், அது கஜா புயலில் விழுந்தது, விழுந்த மரத்தை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது வரை எல்லாம் இருந்தது. நாலாம் பக்கத்தின் கடைசி மூன்று வரியில்தான் விஷயம். கூட்டுப் பட்டாவிலிருந்து தன் பங்கைப் பிரித்துத் தனக்குத் தனிப் பட்டா வேண்டும்.

“ரெண்டு ஜமாபந்தியில குடுத்துட்டேன் தம்பி. வாங்கி வச்சுக்கிறாங்க, அதோட சரி. நீ பேப்பர் ஆபீஸ்ல இருந்தவன், பாத்து எழுதிக் குடு” என்றார்.

ஜமாபந்தி தெரியாதவர்களுக்கு: வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடியும். அதையொட்டித் தாலுகா ஆபீசில் மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து ஊர் ஊராகக் கிராமக் கணக்கைச் சரிபார்ப்பார். அன்றைக்கு மக்களிடம் மனுவும் வாங்குவார்கள். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருகிறவர்களுக்கு அந்த வாரம் நல்ல வருமானம். அத்தை அவர்களிடம் போகமாட்டார். “அவன் என் கதையைக் கேக்காமயே எழுத ஆரம்பிச்சுடுறான்” என்பது அவருடைய புகார்.

நானும் கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அரை மணி நேரத்தில் நாலு பக்கம் எட்டு வரி ஆனது. புல எண், பாகப் பிரிவினைப் பத்திரத்தின் எண், வருஷம், கிழக்குப் பாதி என் கணவருக்கு, அவர் இறந்துவிட்டார், வாரிசு நான், உட்பிரிவு செய்து தனிப் பட்டா வழங்கவும், இப்படிக்கு. அத்தை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததில் அவருக்கு வருத்தம். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாளிதழில் பதினோரு வருஷம் டெஸ்க்கில் இருந்தேன். ஊர்களிலிருந்து பகுதி நேர நிருபர்கள் அனுப்பும் செய்தியைப் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குள் அடக்குவதுதான் வேலை. ராத்திரி பத்து மணிக்குப் பக்கம் போயாக வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு விளம்பரம் ஒன்று வந்து விழும். மூன்று பாராவை ஒரு பாரா ஆக்கு என்பார்கள். அந்த அவசரத்தில் கை பழகிவிடும். எதைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் கண் போகும். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அப்படித்தான் படிக்கிறேன், என் மனைவிக்கு அதில் தீராத கோபம்.

வருகிற செய்திகளில் அடிக்கடி பார்க்கும் வாக்கியம் ஒன்று: ‘வாய்க்கால் தூர்வாரும் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருவதை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் நேரில் சென்று பார்வையிட்டு ஆய்வு மேற்கொண்டார்.’ பார்வையிடுவது என்றாலே நேரில் போய்த்தான், வீட்டிலிருந்து யாரும் பார்வையிடுவதில்லை. ‘பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருவது’ என்றால் பணி, அவ்வளவுதான். பார்வையிட்ட பிறகு ஆய்வு வேறு எதற்கு மேற்கொள்ள வேண்டும்? ஆக, ‘வாய்க்கால் தூர்வாரும் பணியைக் கலெக்டர் பார்வையிட்டார்.’ ஐந்தே சொல். ஆனால் இப்படி உரித்துப் போட்டபின்தான் தெரியும், உள்ளே ஒன்றுமே இல்லை என்று. எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், யார் டெண்டர் எடுத்தது, மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-க்குள் முடியுமா, கடைமடைக்குத் தண்ணீர் வருமா? டெல்டாக்காரன் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பது அதற்காகத்தான். நீளமான வாக்கியத்தில் ஏதோ இருப்பதுபோல ஒரு பாவனை இருந்தது, அதையும் நான் எடுத்துவிட்டேன். நிருபருக்குப் போன் போட்டு, “அண்ணே, எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு யார் கேட்பது.

தமிழில் இந்தச் சதை பெரும்பாலும் வினையில்தான் ஏறும் என்பது என் அனுபவம். ஆய்ந்தார் என்பது ஆய்வு மேற்கொண்டார் ஆகும், தாமதித்தார்கள் என்பது தாமதம் ஏற்பட்டுள்ளது ஆகும். இரண்டாவதைக் கவனியுங்கள். தாமதித்தார்கள் என்றால் யாரோ இருக்கிறார்கள், ‘யார்?’ என்று கேட்கலாம். தாமதம் ஏற்பட்டுள்ளது என்றால் அது மழை மாதிரி தானாக ஏற்பட்டுவிட்டது, யாரையும் கேட்க முடியாது. ‘படு’ என்ற துணைவினை இல்லாவிட்டால் பாதி அரசாங்கக் கடிதங்களை எழுதவே முடியாது என்று டெஸ்க்கில் ஒரு அண்ணன் சொல்வார். அவர் அதைச் சொல்லிவிட்டு, ‘எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்று தன் காப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். யார் தெரிவித்தது என்று அவருக்கும் தெரியாது.

சரி, அத்தையின் மனு. கொடுத்து இரண்டு மாதத்தில் சர்வேயர் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனதாக அத்தை போனில் சொன்னார். “பாத்தியா, எட்டு வரிக்கு ஆள் வந்துட்டாங்க” என்று நானும் பீற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 2005-ஆம் வருஷச் சட்டம், பிரிவு 6(1), பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். எடுத்த எடுப்பில் நான் கேட்டது: ‘மேற்படி மனு மீது இதுவரை ஏன் நடவடிக்கை எடுக்கப்படவில்லை?’ சுருக்கமான கேள்வி, தெளிவான கேள்வி என்று நினைத்தேன். கேட்கப்படுவது சட்டத்தில் சொல்லப்படும் தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு பக்கப் பதில் வந்தது. கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அது சரிதான். அந்தச் சட்டத்தில் தகவல் என்பது ஏற்கெனவே ஆவணமாக இருப்பது. கோப்பு, குறிப்பு, உத்தரவு, பதிவேடு, இவற்றின் நகலைக் கேட்கலாம், நேரில் போய்ப் பார்க்கலாம். ‘ஏன்’ என்பதற்குப் பதில் எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கப்படாமல் இருந்தால், புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் அதிகாரிக்கு இல்லை.

மறுபடி எழுதினேன்: ‘இந்தத் தேதியில் இன்னார் கொடுத்த மனு தொடர்பான கோப்பில் இதுவரை எழுதப்பட்டுள்ள எல்லாக் குறிப்புகளின் நகலும், சர்வேயர் அளித்த அறிக்கையின் நகலும் தரவும்.’ முதலில் கேட்டதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். கேள்விக்குறியே இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் எழுந்து போய் எந்த அலமாரியைத் திறந்து எதை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது. முந்தைய கேள்வியில் அது இல்லை, என் எரிச்சல் மட்டும்தான் இருந்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2012 விதிகளில் விண்ணப்பம் பொதுவாக 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று உண்டு, தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் உண்டு. ‘கொடுத்திருக்கமாட்டார்களாம்’ என்பதை ஒரே சொல்லாகப் போட்டுவிட்டுப் போகிற மொழியில் 500 சொல் என்பது எவ்வளவு பெரிய மைதானம்! ஆனால் எஸ்.எம்.எஸ்ஸில் இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் அனுப்பினால் 160 எழுத்து, தமிழில் 70-ல் முடிந்துவிடும். அதிலும் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்தை அது ஐந்தாக எண்ணும், இகரக் கொக்கிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று.

இருபத்தெட்டாம் நாள் நகல் வந்தது. சர்வேயரின் குறிப்பு நாலே வரி. ‘தல ஆய்வு செய்தேன். மனுதாரர் கோரும் கிழக்குப் பாதி அவர் அனுபவத்தில் இல்லை. அவர் அனுபவிப்பது மேற்குப் பாதி. இதற்கு ஆவணம் காட்டவில்லை.’ பதினோரு வருஷம் டெஸ்க்கில் இருந்து நான் பார்த்த காப்பிகளில் இவ்வளவு கச்சிதமாக எழுதிய ஆள் ஒருவரும் இல்லை. ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்றுகூட எழுதவில்லை மனிதர், ‘செய்தேன்’ என்று எழுதியிருக்கிறார்.

அத்தைக்குப் போன் போட்டேன். “அத்தை, உங்க பங்கு கிழக்கா மேற்கா?”

“மேற்கு.”

“பத்திரத்துல கிழக்குன்னுல்ல இருக்கு?”

“அது மொதல்ல. அப்புறம் மாத்திக்கிட்டாங்கல்ல, இலுப்பை மரத்தடியில உக்காந்து பேசி. கொழுந்தனாருக்கு மாட்டுக் கொட்டகை போட கிழக்குப் பக்கம்தான் தோதுன்னு. நான்தான் எழுதியிருந்தேனே தம்பி.”

எழுதியிருந்தார். நாலு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், மூன்றாம் பக்கத்தில் நடுவில் இருந்தது. இலுப்பைப் பூ உதிர்ந்து கிடந்த காலை, அண்ணனும் தம்பியும் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசியது, தம்பிக்காக அண்ணன் விட்டுக்கொடுத்தது, மறு வாரமே இருவரும் பஸ் ஏறிப் போய் ரிஜிஸ்தர் ஆபீசில் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிந்தது, திரும்பி வரும்போது ஓட்டலில் பூரி சாப்பிட்டது. வரிசையாக எல்லாவற்றின் மேலும் என் சிவப்புக் கோடு. மரம், பூ, வெற்றிலை, பூரி என்று கண் ஓடிய வேகத்தில் நடுவில் கிடந்த பத்திரத்தையும் சேர்த்து அடித்திருக்கிறேன். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. கஜா 2018 நவம்பரில் அந்த மரத்தைச் சாய்த்தது, மனுவிலிருந்து நான் அதை மறுபடி வெட்டினேன்.

சுருக்கமாக எழுதுவது பற்றிப் பேச்சு வந்தால் தமிழில் எல்லோரும் ‘சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல்’ என்பார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு உரிய பத்து அழகுகள் என்று அடுக்கும்போது முதல் இரண்டும் இவைதான். நானும் டெஸ்க்குக்குப் புதிதாக வரும் பையன்களிடம் இதை எடுத்து விட்டிருக்கிறேன். சர்வேயர் குறிப்பைப் படித்த அன்றைக்குத்தான், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதற்கு முந்தைய சூத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. அது பத்துக் குற்றங்களைச் சொல்வது. ‘குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல்’ என்று போகும். முதல் குற்றமாக அவர் வைத்தது மிகைபடக் கூறலை இல்லை, குன்றக் கூறலை. கூட்டிச் சொல்வதற்கு முன்னால் குறைத்துச் சொல்வதை நிறுத்தியிருக்கிறார். வரிசையில் முன்னால் இருப்பதால் பெரிய குற்றம் என்று இலக்கண ஆசிரியர்கள் சொல்வார்களா தெரியாது, யாப்புக்காகவும் அப்படி அமைந்திருக்கலாம். எனக்கு அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. என் எட்டு வரி மனுவில் குன்றக் கூறல் இருந்தது, அதனால் பத்திரத்துக்கும் அனுபவத்துக்கும் முரண் வந்து மாறுகொளக் கூறலும் ஆனது. அத்தையின் நாலு பக்கத்தில் அதிகம் போனால் மிகைபடக் கூறலும் மற்றொன்று விரித்தலும்தான்.

அந்த நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் பவணந்தியார் எழுதியது. விளங்க வைத்தல் அழகு என்று சொல்கிற நூல் நமக்கு விளங்க மயிலைநாதர் உரை வேண்டியிருந்தது, அது போதாமல் பின்னாளில் சங்கர நமச்சிவாயர் உரை எழுத, அதைச் சிவஞான முனிவர் திருத்தினார். ஏழு சீரில் எழுதிய குறளுக்கு அந்தக் காலத்திலேயே பத்துப் பேர் உரை எழுதினார்கள் என்று ஒரு வெண்பா பெயர் பெயராகச் சொல்கிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனப்பாடம் செய்து தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோக வேண்டிய நூல் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், விளக்கத்துக்கு ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதியது. தாலுகா ஆபீசில் அத்தையின் மனுவுக்குப் பக்கத்தில் மயிலைநாதர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

குறைத்துச் சொல்லி எங்கள் குடும்பம் பட்ட அவஸ்தை இது முதல் தடவையும் அல்ல. தந்தி காலத்துக் கதை ஒன்று உண்டு. தந்தி 2013 ஜூலையில் நின்றது. கடைசி நாளில் ஞாபகத்துக்காகத் தங்களுக்கே தந்தி அடித்துக்கொண்டவர்கள்கூட உண்டு. ஆனால் எங்கள் ஊரில் தந்திச் சேவகர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே ஏதாவது ஒரு வீட்டில் அழுகை தொடங்கிவிடும், என்ன எழுதியிருக்கிறது என்று பிரிப்பதற்கு முன்னாலேயே. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்று அடிப்பார்கள். செத்துப்போனவருக்கும் இதையே அடிப்பார்கள், வழியில் பதறக் கூடாதே என்று. அதனால் காலப்போக்கில் சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிவிட்டது. எங்கள் தாத்தாவுக்கு ஒரு முறை நிஜமாகவே உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சித்தப்பா நிஜத்தைத்தான் தந்தியாக அடித்தார். பம்பாயிலிருந்து பெரியப்பாவும், நெய்வேலியிலிருந்து அப்பாவும், திருச்சி அத்தை வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களும் வந்து இறங்கினார்கள். வேனில் மாலை இருந்தது. தாத்தா கட்டிலில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருஷம் இருந்தார், அந்த மாலையைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் வதைத்தார். நாலு சொல்லும் உண்மைதான், ஆனால் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று இன்னும் கொஞ்சம் காசு செலவழித்திருந்தால் மாலைக் காசு மிச்சமாகியிருக்கும்.

இப்போது வாட்ஸாப்பில் காசே இல்லை, ஆனாலும் கஞ்சத்தனம் போகவில்லை. “நாளைக்கு வரவா, நாளன்னைக்கு வரவா?” என்று கேட்டால் “சரி” என்று பதில் போடுகிற நண்பன் ஒருவன் எனக்கு இருக்கிறான். உங்களுக்கும் இருப்பான்.

பத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அத்தை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பரிவர்த்தனைப் பத்திரத்தை எடுத்து வந்திருந்தார், முத்திரைத்தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. பத்திர எழுத்தரின் தமிழை நாங்கள் டெஸ்க்கில் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று மூச்சு விடாமல் போகும். ‘மேற்படி’ என்பதற்கு மட்டும் ௸ என்று ஒரு குறி வைத்துச் சுருக்கிக்கொள்வார்கள், ஒரே பக்கத்தில் இருபது இடத்தில் அது வரும். ஆனால் நிலத்தை விவரிக்கிற இடத்துக்கு வந்ததும் பாருங்கள். புல எண், பரப்பு எண்ணால் ஒரு தரம், எழுத்தால் ஒரு தரம். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே, தெற்கே. ‘இந்த நான்கு எல்லைக்குட்பட்ட’ என்று முடித்துவிட்டு அதன் நீள அகலம். ஒரே நிலத்தை நாலு விதமாகச் சொல்லியிருக்கிறார். எண்ணில் ஒரு பூஜ்யம் தவறினால் எழுத்தில் பிடித்துக்கொள்ளலாம், பரப்பில் தகராறு வந்தால் எல்லை சொல்லும். கூறியது கூறல்தான், ஆனால் வேண்டுமென்றே செய்தது. அந்த எழுத்தர் காலமாகியிருக்கக்கூடும், அத்தையின் கணவர் இல்லை, கொழுந்தனாரும் இல்லை, மரமும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து முன்பின் தெரியாத நான் அதைப் படித்து வயலில் எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. கிழக்கு எல்லையில் எழுதியிருந்தார்: ‘நடுவரப்பு இலுப்பை மரத்துக்கும் மேற்கு’.

மரம் பத்திரத்திலேயே இருக்கிறது. நான் கதை என்று நினைத்து அடித்தது எல்லைக்கல்.

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன்னால் அந்தத் தாலுகா ஆபீசில் ஒரு காலைப்பொழுது சும்மா உட்கார்ந்திருந்தேன். மனுக்களைப் பிரிக்கிற எழுத்தர் எப்படிப் படிக்கிறார் என்று பார்ப்பதற்காக. மேலே ‘பொருள்’ என்ற வரியைப் பார்க்கிறார். அடுத்து எந்தக் கிராமம், என்ன புல எண் என்று கண் தேடுகிறது, கிடைத்ததும் பென்சிலால் ஒரு வட்டம். உடனே கடைசித் தாளைப் புரட்டி என்னென்ன இணைத்திருக்கிறது என்று பார்க்கிறார். பெரும்பாலும் நடுவில் உள்ளதை அந்த இடத்தில் படிப்பதே இல்லை. ஒரு மனுவுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மேசைக்குக் கீழே இரண்டு கட்டு காத்திருந்தது, நானும் ஒன்பதே முக்கால் மணிக்கு அப்படித்தான் படித்தேன். அத்தையின் மனுவில் அவர் வட்டம் போட வேண்டிய எண் மூன்றாம் பக்கத்தில், இலுப்பைப் பூவுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இரண்டு ஜமாபந்தி மனுக்களுக்கும் என்ன ஆனது என்று அப்போது புரிந்தது.

வீட்டுக்கு வந்து, இந்தத் தடவை பேனாவை மூடி வைத்துவிட்டு அத்தையைப் பேசச் சொன்னேன். முழுக் கதையும். இடையிடையே, எந்த வருஷம், யார் பெயரில், எழுதினீர்களா வாய்ப்பேச்சா, அந்தத் தாள் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டரை மணி நேரம் ஆனது, நடுவில் ஒரு காபி. பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன தகராறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது, அது இங்கே வேண்டாம்.

எழுதியது ஒரு பக்கம் வந்தது. மேலே பொருள்: இந்தக் கிராமம், புல எண் 114/2, கூட்டுப் பட்டாவிலிருந்து மேற்குப் பாதியை உட்பிரிவு செய்து தனிப் பட்டா கோருதல். கீழே நாலு வாக்கியம், காலவரிசைப்படி. 1987 பாகப் பிரிவினையில் கிழக்குப் பாதி என் கணவருக்கும் மேற்குப் பாதி அவர் தம்பிக்கும் வந்தது. 1994-ல் பதிவு செய்த பரிவர்த்தனைப் பத்திரத்தின்படி இருவரும் இவற்றை மாற்றிக்கொண்டார்கள், அன்று முதல் மேற்குப் பாதி எங்கள் அனுபவத்தில் இருக்கிறது. என் கணவர் இறந்துவிட்டார், வாரிசுச் சான்று இணைத்திருக்கிறேன். முந்தைய மனுவில் கிழக்குப் பாதி என்று தவறாக எழுதிவிட்டேன், சர்வேயரின் குறிப்பு சரி. இந்தக் கடைசி வாக்கியத்தைப் போடலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சுருக்கம் என்று பார்த்தால் வேண்டாம், அது பழங்கதை. ஆனால் கோப்பில் இரண்டு மனுவும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் இருக்கப் போகிறது, எது சரி என்று படிக்கிறவர் முழிப்பார். போட்டேன். ‘மகா கனம் பொருந்திய’ மட்டும் அத்தையின் விருப்பத்துக்காக இருந்தது.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “மரத்தைக் காணோமே” என்றார்.

“பத்திரத்துல இருக்கு அத்தை, அதை இணைச்சிருக்கோம்.”

“சர்வேயர் வந்து எது நடுவரப்புன்னு கேட்டா?”

வரப்பை இடையில் யாரோ உழுது சேர்த்துவிட்டார்களாம். எனக்கு அது தெரியாது. மரம் விழுந்தாலும் அடிமரக் கட்டை இன்னும் இருக்கிறதாம். ஐந்தாவதாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்: இரு பாகங்களுக்கும் நடுவில் எல்லையாக இருந்த இலுப்பை மரம் புயலில் விழுந்துவிட்டது, அதன் அடிக்கட்டை இன்றும் வயலில் உள்ளது.

சர்வேயர் வந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். அதே மனிதர்தான். மனுவைக் கையில் மடித்து வைத்திருந்தார், சங்கிலியை எடுத்துக்கொண்டு உதவியாளர் பின்னால் வந்தார். வயலில் கால் வைத்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “கட்டை எங்கம்மா?” அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து போய், கரையான் அரித்துப் பாதி மண்ணாகிப்போன ஒரு மேட்டின் மேல் ஏறி நின்றார்.

பட்டா வந்தது. 114/2பி. ஒரே தாள், அதிலும் பாதி காலி. அத்தை திருப்பிப் பார்த்துவிட்டு அதை மஞ்சள் பையில் வைத்தார். அப்புறம், “தம்பி, நான் எழுதுனது உங்கிட்டதானே இருக்கு? அதைக் குடு” என்றார். சிவப்புக் கோடுகளோடு இருந்த அந்த நாலு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பட்டாவோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.